அதிர்ஷ்ட மூங்கிலை வீட்டுக்குள் வளர்க்கும் முறை

கடைகளில் 'லக்கி பாம்பூ' என்ற பெயரில் விற்கப்படும் செடி மூங்கில் இனத்தைச் சேர்ந்தது அன்று. மூங்கில் புல் வகை. இதுவோ டிரசீனா சாண்டெரியானா என்னும் செடி, நம் ஊர் மருளுக்கு நெருங்கிய உறவு. கேமரூனை உள்ளிட்ட நடு ஆப்பிரிக்கப் பகுதியில், பெருமரங்களின் நிழலில் இயற்கையாக வளர்வதால், நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள அறையே இதற்கு ஏற்றது. கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் போதும். பகல் வெயில் நேராக விழுந்தால் இலை கருகிவிடும்.

வாங்கும்போது தண்டை அழுத்திப் பாருங்கள். அது கெட்டியாகவும் அடி முதல் நுனி வரை பச்சையாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்த தண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழுவிய ஆற்றுக் கூழாங்கற்களைப் பாத்திரத்தில் இட்டுத் தண்டுகளைச் சாயாமல் நிறுத்தி, வேர்கள் மூழ்கும்படி இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் நடும் வேலை முடிந்தது. பளிங்குச் சில்லுகள் அழகாக இருந்தாலும் அவற்றிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் கரையும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

இந்தச் செடியின் நலம் பெரும்பாலும் தண்ணீரைப் பொறுத்தது. இலை நுனி பழுப்பாகிக் காய்ந்தால், பலர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறார்கள். உண்மையில் அத்தண்ணீரில் உள்ள உப்போ குளோரினோ ஃபுளோரைடோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து இரவு முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் ஃபுளோரைடு அப்படிப் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கே காரணமாகும் அளவுக்கு நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை இதற்கு ஊற்றாமல், பிடித்து வைத்த மழைநீரையோ ஆர்.ஓ. இயந்திரம் சுத்திகரித்த நீரையோ பயன்படுத்த வேண்டும். அந்த இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அது கூடவே கூடாது.

வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றுங்கள். குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது செடிக்கும் கெடுதி, வீட்டாருக்கும் கெடுதி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு பாத்திரங்களில்தான் முட்டையிடும். 2001ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து தண்ணீரில் வைத்து அனுப்பப்பட்ட இதே செடிகளுடன் ஏடிஸ் இனத்துக் கொசு ஒன்று கலிபோர்னியாவுக்கே போய்ச் சேர்ந்தது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரம் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் ஆகையால், பழைய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தையும் கற்களையும் நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்காகவே, கை நுழையாத குறுகிய வாய்க் கண்ணாடிக் குடுவையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உரம் மிகக் குறைவாகத் தேவைப்படும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மிகவும் நீர்க்கச் செய்த திரவ உரம் சில துளிகள் போதும். ஒரு தண்டு மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் அது மீள்வது அரிது. அதன் அழுகல் மற்றவற்றின் தண்ணீரையும் கெடுக்கும் என்பதால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம், ஏனெனில் இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி உண்டாகும்.

எடுத்த தண்டின் மேற்பகுதியில் பச்சையான பக்கக் கிளை இருந்தால் அதை வீணாக்க வேண்டாம். சுத்தமான கத்தியால் தண்டை ஒட்டி நறுக்கி, அடி இலைகளை உரித்துவிட்டு, தனிப் பாத்திரத்தில் நல்ல தண்ணீரில் நிறுத்தினால் சில வாரங்களில் வேர் விடும். அவ்வேர்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கண்டு அழுகல் என்று அஞ்ச வேண்டாம். இச்செடியின் நல்ல வேருக்கு அதுவே நிறம்.