எஸ்டிபி தண்ணீரை நாமே சோதிப்பது எப்படி?

எங்கள் குடியிருப்பில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், சுத்திகரித்த கழிவுநீரைத்தான் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விடுகிறார்கள். அந்த ஹோஸ் பைப்பில் பிள்ளைகள் ஆட்டம் போடுகிறார்கள் என்பதால் சோதனையை நானே கையில் எடுத்தேன்.

முதலில் டிடிஎஸ் மீட்டரை ஓரமாக வையுங்கள். அது கரைந்த உப்பைக் காட்டுமே தவிர கிருமியைக் காட்டாது.

அடுத்து, கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் தண்ணீரில் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது. குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து மலிவுதான், ஆனால் இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி மாத்திரைதான் நான் வாங்கச் சொல்வேன். கழிவுநீரில் மிச்சமிருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்துவிட்டால் கிருமியைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும், ஓடிஓவில் அதுவும் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி நம்மை ஏமாற்றும். டிபிடியில் 1 என்று எண்ணிட்ட மாத்திரையைப் போட்டு, உடனே இளஞ்சிவப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மோனியாவோடு சேராத குளோரினைக் காட்டுவது அதுதான்.

அப்புறம் எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) குப்பி, மலக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குப்பி. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுப்பாவது மலக் கிருமிக்கு அடையாளம், மதுரை வெயிலில் தனியாகச் சூடு காட்ட வேண்டியதில்லை. ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது கிருமி அல்ல, தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் சல்பைடு.

கிருமி எண்ணிக்கை தெரிய லேபுக்குத்தான் போக வேண்டும், பலருக்கும் இடறுவது இங்கேதான். சாதாரண பாட்டிலில் பிடித்தால் தண்ணீரில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், ரிப்போர்ட் சுத்தமாக வரும், குழாயில் வருவதோ வேறு. குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்ட, கிருமி நீக்கிய பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான், அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். 6 மணி நேரத்துக்குள் லேபில் இருப்பது நல்லது, 24 மணி தாண்டினால் வீண்.

குடிநீருக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்ச உலக சுகாதார நிறுவனம் 1989இல் சொன்ன அளவு, 100 மில்லிக்கு 1000 மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலையும் சேர்ந்த மலக் கிருமிக் கூட்டம்), லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் கூடாது. குளோரினுக்குப் புழு முட்டை அசையாது, அதனால் லேபில் அதையும் தனியாகக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: மல்லிகைக்கு விடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேரில் விடுங்கள், செடிமேல் தெளிக்க வேண்டாம், பூப்பறிப்பவர் கையிலும் கட்டுபவர் கையிலும் அந்தத் தண்ணீர்தான் படும்.