சீட்டு பிடிப்பவர் ஆள் சேர்க்கும் முறை

1982ஆம் ஆண்டின் சிட் பண்ட் சட்டப்படி, முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு தொடங்கக் கூடாது. அது காகித வேலை, முடித்துவிடலாம். ஆள் சேர்ப்பதில்தான் சிரமம் தொடங்குகிறது.

சென்னை காசிமேட்டில் ஒரே தெருவைச் சேர்ந்த இருபது மீனவக் குடும்பங்களை வைத்துச் சீட்டு நடத்துவது எளிது என்று தோன்றும். 'நம்ம தெருப் பணம்' என்ற எண்ணமே பாதி வசூலைச் செய்துவிடும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அந்த இருபது வீட்டிலும் வருமானம் ஒன்றாகப் படுத்துவிடும். ஒருவர் மீதும் நம்பிக்கை குறையாமலே சீட்டு முறியும். ஆகவே, பட்டியலில் பாதிப் பேராவது வேறு பிழைப்பைச் சேர்ந்தவர்களாக, எம்.சி. ரோடு துணிக்கடை ஊழியராகவோ துறைமுக லாரி ஓட்டுநராகவோ இருக்கட்டும். தெருவுக்குப் புதியவர் என்றால், பழையவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

சீட்டுத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கே, அதாவது அதிகம் தள்ளுபவருக்கே, அந்த மாதச் சீட்டு போகும். இந்த ஏலத்தில் ரோஷம் புகுந்துவிடும். மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது பேர் கட்டும் 1 லட்ச ரூபாய்ச் சீட்டை ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால், சீட்டு பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக, எல்லோருக்கும் பிரித்துத் தரும் மீதித் தள்ளுபடியான கசர் தலைக்கு 1,000 வரும். மற்றவர்கள் மகிழ்வார்கள், எடுத்தவர் வீட்டில்தான் இடிக்கும். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் இது அதிகம் நடக்கும். எவ்வளவு வரை தள்ளலாம் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

தன்னை யார் என்று ஒருவர் நினைக்கிறாரோ, அதுவே அவருடைய பணமுடிவுகளையும் நடத்துகிறது என்று பொருளியலாளர்கள் ஜார்ஜ் அகர்லாஃபும் ரேச்சல் கிராண்டனும் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். தெருவில் இதற்கு விளக்கமே வேண்டாம். 'நாணயமானவர்' என்று பெயரெடுத்த அம்மா, தவணை தவறுவதைவிடத் தண்டல் என்ற தினவசூல் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார். உங்கள் நோட்டில் எந்தக் கீறலும் தெரியாது. எப்போதும் நேரில் வந்து, கையெழுத்தைச் சரிபார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் திடீரென்று பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினால், அன்று மாலையே தனியாகப் போய்ப் பாருங்கள். ஏலம் கூடும் இடத்தில் கேட்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு தவணையை ஒரு மாதம் தள்ளிக் கட்டலாம் என்ற விதியை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தால், அவர் அதைச் சலுகையாக அல்லாமல் உரிமையாகக் கேட்பார். சீட்டு எடுத்த பிறகு கட்டாமல் நிற்பவரிடம் மட்டும் இந்தத் தயவு வேண்டாம். நேரே ஜாமீன்தாரரிடம் போங்கள்.