வரிக்குதிரையும் குதிரையும்: உறவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கான அறிவியல் நூல்களிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் வரிக்குதிரையைப் பற்றி எழுதுவோர் பலர், அதைக் கோடு போட்ட குதிரையாகவே கருதிக்கொண்டு தொடங்குவதால், அடுத்தடுத்துச் சொல்லும் செய்திகளும் பிசகிவிடுகின்றன. இரண்டும் ஈக்வஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது உண்மைதான். ஆனால் அப்பேரினத்திற்குள் வரிக்குதிரைக்கு நெருங்கிய உறவு குதிரை அன்று, கழுதையே. கனடாவின் யூகான் பகுதியில் உறைநிலத்திலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள குதிரை எலும்பின் மரபணுத் தொகுதியை 2013இல் வாசித்தறிந்த ஆய்வாளர்கள், இன்றுள்ள குதிரை, கழுதை, வரிக்குதிரை அனைத்துக்கும் பொதுவான மூதாதை 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் எனக் கணித்தனர். அந்த மூதாதையிடமிருந்து குதிரையின் கிளை ஒரு பக்கமாகப் பிரிந்து போக, கழுதைகளும் வரிக்குதிரைகளும் அதன் பின்னும் நெடுங்காலம் ஒரே கிளையாக இருந்து, பிறகுதான் தமக்குள் பிரிந்தன. எனவே குதிரையிலிருந்து வரிக்குதிரை வந்தது என்றோ, வரிக்குதிரையிலிருந்து குதிரை வந்தது என்றோ எழுதுவது பிழை. இவை பங்காளிகளே தவிர, ஒன்றுக்கு மற்றொன்று பாட்டன் அன்று. வரிக்குதிரை ஆப்பிரிக்காவில் வாழ்வதால் இக்குடும்பமே அங்குதான் தோன்றியது என்று எண்ணுவதும் தவறு. அதன் தொடக்கக்காலப் புதைபடிவ வரலாறு பெரிதும் வட அமெரிக்காவுக்கு உரியது.

கழுதையோடுள்ள நெருக்கம் கண்ணுக்கே தெரியக்கூடியது. குதிரையின் வாலில் நீண்ட மயிர் அடியிலிருந்தே தொங்கும். வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் வாலின் பெரும்பகுதி குட்டை மயிரோடு இருந்து, நுனியில் மட்டும் குஞ்சம் இருக்கும். குதிரையின் பிடரி மயிர் ஒரு பக்கம் சாய்ந்து நெற்றியிலும் விழும்; வரிக்குதிரையின் பிடரி விறைத்து நிமிர்ந்து நிற்கும், நெற்றியில் விழும் கற்றை அதற்கு இல்லை. கால்களின் உட்புறத்தில் மயிரில்லாமல் தடித்திருக்கும் காய்ப்பு, பெரும்பாலான குதிரைகளுக்கு நான்கு கால்களிலும் உண்டு. வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் முன்னங்கால்களில் மட்டுமே உண்டு. கதைகளில் வரிக்குதிரையைக் கனைக்க வைப்பதையும் விட்டுவிடலாம். வரிக்குதிரை இனங்களுள் சமவெளி வரிக்குதிரையின் குரல் விட்டுவிட்டுக் குரைப்பதைப் போன்றது. கிரேவி வரிக்குதிரையின் குரலோ கழுதையின் கத்தலை ஒத்தது.

குரோமோசோம் எண்ணிக்கையைக் காட்டி உறவை அளப்பது, சற்றுப் படித்தவர்களே செய்யும் தவறு. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கிரேவி வரிக்குதிரைக்கு 46, சமவெளி வரிக்குதிரைக்கு 44, மலை வரிக்குதிரைக்கு 32. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கழுதை குதிரைக்கே நெருங்கியது என்று தோன்றும். ஆனால் இப்பேரினத்தில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்தும் மாறியமைந்தும் வந்திருப்பதால், எண்ணிக்கை வேகமாக மாறியிருக்கிறது. மரபணு வரிசைதான் உறவைச் சரியாகச் சொல்கிறது. எண்ணிக்கை வேறுபாட்டின் விளைவு வேறோர் இடத்தில் தெரியும். குதிரையும் வரிக்குதிரையும் இணைந்தால் உயிருள்ள குட்டி பிறக்கும். ஆனால் கோவேறு கழுதையைப் போலவே அது பொதுவாக மலடாக இருக்கும்.

வரிக்குதிரை ஒரே இனம் என்பதுபோல் எழுதுவதும் கூடாது. இன்று வாழும் இனங்கள் சமவெளி, மலை, கிரேவி என மூன்று. ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாக வாழ்வது சமவெளி, மலை இனங்களின் வழக்கம். வட கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் எஞ்சியுள்ள கிரேவி இனத்தில் அத்தகைய நிலையான குடும்பம் கிடையாது, ஆண்கள் நிலப்பரப்பைக் காவல் காக்கும், பெண்கள் அவற்றினூடே வந்து போகும். குவாகா என்னும், இன்று அழிந்துபோன வரிக்குதிரையை நான்காவது இனமாக எண்ணுவது பழைய நூல்களின் தவறு. 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் கடைசி குவாகா இறந்தது. அருங்காட்சியகத் தோலிலிருந்து 1984இல் எடுத்த டி.என்.ஏ.வைக் கொண்டு தொடங்கிய ஆய்வுகள், அது சமவெளி வரிக்குதிரையின் துணையினமே என்று காட்டின.

வரிகளைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்லப்படும் தவறுகள் மிகுதி. வெள்ளை உடலில் கறுப்புக் கோடு என்பது சரியன்று. தோல் கருமையானது, நிறமி உண்டாகாத இடங்களிலேயே மயிர் வெள்ளையாகிறது. வரிகள் சிங்கத்திடமிருந்து மறைத்துக்கொள்ளவே ஏற்பட்டவை என்ற விளக்கமும் வலுவிழந்துவிட்டது. பகலில் ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் சிங்கத்தின் கண்ணுக்கு வரிகளே பிரிந்து தெரிவதில்லை என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு அருகில் வருவதற்கு முன்பே அது ஓசையாலும் வாடையாலும் இரையை அறிந்திருக்கக்கூடும். இன்று கூடுதல் சான்றுள்ள விளக்கம், கடிக்கும் ஈக்களைப் பற்றியது. 2019இல் இங்கிலாந்தில், குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி போட்ட துணிகளைப் போர்த்திப் பார்த்தபோது, வரித்துணியின் மீது ஈக்கள் மிகக் குறைவாகவே அமர்ந்தன; ஆனால் மூடப்படாத தலையில் அமர்ந்த ஈக்களில் வேறுபாடு இல்லை. வரிக்குதிரையை நெருங்கிய ஈக்கள் வேகத்தைக் குறைக்காமல் மோதிவிட்டோ, கடந்தோ போனதையும் ஒளிப்பதிவில் கண்டனர். துணியை மட்டும் மாற்றி விளைவு துலங்கும்படி அமைந்த அந்தத் துணிச் சோதனை அழகானது.

குதிரையைப் போல வரிக்குதிரையையும் பழக்கலாம் என்று வாதிடுவோர், 1890களில் விலங்கியல் ஆர்வலர் வால்டர் ரோத்சைல்டு வரிக்குதிரைகளைப் பூட்டி லண்டனில் வண்டி ஓட்டியதைச் சான்றாகக் காட்டுவார்கள். தனி விலங்குகளைப் பழக்க முடியும் என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை. இன்றைய வீட்டுக் குதிரைகள், வோல்கா, டான் ஆற்றுப் புல்வெளிகளில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட கால்வழியிலிருந்து பெருகியவை. அத்தகைய தேர்வு வரிக்குதிரையிடம் தலைமுறை தலைமுறையாக நடந்ததே இல்லை.

உறவைக் காரணம் காட்டி இரண்டையும் அருகருகே அடைப்பதே உயிரைப் பறிக்கும் தவறு. கொசுவைப் போன்ற மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகளால் பரவும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாக்கினால் பெரும்பாலான குதிரைகள் மடிந்துபோகும். வரிக்குதிரையோ பொதுவாக நோய்க்குறி எதுவும் காட்டாமலே அந்த வைரஸைச் சுமந்து திரியும். 2020இல் தாய்லாந்தில் இந்நோய் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றபோது, இறக்குமதியான வரிக்குதிரைகள் மீதே ஐயம் விழுந்தது. ஆகவே வரிக்குதிரையைக் கொண்டுவருவோர், அது நலமாகத் தோன்றுகிறது என்பதை நம்பாமல், பூச்சி புகாத தனிக் கொட்டிலில் வைத்து, இரத்தச் சோதனை முடிந்த பின்பே குதிரைகள் உள்ள இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.