127 டிகிரி என்று பார்த்துப் பதறுவதற்கு முன்

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் முதல் தடவையாக, கணினிக்குள் இருக்கும் வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் பட்டியலிடும் சென்சார்ஸ் என்ற கட்டளையை ஓட்டியதும் கண் தானாகவே பட்டியலில் இருக்கும் பெரிய எண்ணைத்தான் தேடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆக்ஸ்டின் என்று ஒரு வரி, அதற்கு நேராக 127 டிகிரி செல்சியஸ். ப்ராசசர் வெந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, கேபினெட்டைத் திறந்து, ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி, எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தால் அதே 127. சரியாகப் பூசவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை பூசினேன். அப்போதும் 127. அரை டிகிரி இறங்கவில்லை.

அந்த வரி ப்ராசசருடையதே இல்லை. மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சிப் இருக்கும், பெரும்பாலும் நுவோட்டான் அல்லது ஐடிஈ தயாரிப்பு. ஃபேன் வேகம், வோல்டேஜ், வெப்பம் எல்லாவற்றையும் அளப்பது அதுதான். வெப்பத்துக்கென்று அதில் பல பின்கள் உண்டு, ஆனால் போர்டு செய்பவர் அதில் இரண்டிலோ மூன்றிலோதான் வெப்பத்தை உணரும் சின்ன உறுப்பான தெர்மிஸ்டரை இணைப்பார். மிச்சப் பின்கள் அந்தரத்தில் நிற்கும். எதில் தெர்மிஸ்டர் இருக்கிறது, எதில் இல்லை என்று, சிப்பைப் படிக்கும் லினக்ஸ் நிரலான டிரைவருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிடும். எட்டு பிட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127, அதனால்தான் அந்த எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. சில போர்டுகளில் இதே மாதிரியான பின் மைனஸ் 60 என்றும் காட்டும். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். 127-ஐயும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, எண் பெரிதா சிறிதா என்பதற்கு முன்னால் அது எதனுடைய எண் என்று பார்க்க வேண்டும். அதற்கு என்னிடம் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி மாதிரி ஏதாவது ஒரு நிரலை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்திலேயே சென்சார்ஸ் வெளியீட்டை இரண்டு விநாடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருங்கள். எவ்வளவு வேலை கொடுத்தாலும் அசையாத எண், கிட்டத்தட்ட நிச்சயமாக எதையும் அளக்கவில்லை. இரண்டாவது இன்னும் எளிது. காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 35 காட்டும்போது கணினிக்குள் ஒன்று 16.8 டிகிரியில் இருக்கிறது என்றால் அது பொய்.

16.8 என்று சும்மா ஓர் எண்ணைச் சொல்லவில்லை. ஏசிபிஐடிஇசட் என்ற பெயரில் வரும் வரி பல டெஸ்க்டாப்களில் 16.8 அல்லது 27.8 என்று வருஷம் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கும். காரணம் எனக்குப் பிடித்த ஒன்று. பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரல், இந்த வெப்பத்தை கெல்வினில், அதுவும் பத்தில் ஒரு பங்கு அலகில், கொடுக்கிறது. 2900 என்று கொடுத்தால் 290 கெல்வின், அதிலிருந்து 273.2-ஐக் கழித்தால் 16.8. அதே மாதிரி 301 கெல்வின் என்றால் 27.8. பயாஸ் எழுதியவர் இந்த இடத்தில் ஏதாவது ஒரு முழு எண் இருக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். இந்த எண்ணை டெஸ்க்டாப் பேனலில் சிபியூ வெப்பம் என்று போட்டுவைத்துக்கொண்டு, என் மெஷின் எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கணினியில் என்னென்ன சென்சார் சிப்கள் இருக்கின்றன என்று தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலில் நடக்கும் கூத்து. அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் இருப்பதுதான் தானியங்கிப் பதில், என்டர் தட்டினால் அதுவே எடுத்துக்கொள்ளப்படும். எதையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் எஸ் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த நிரல், சிப்கள் பேசிக்கொள்ளும் பாதையான பஸ்ஸில் இருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது, தட்டப்படுவது என்ன சிப் என்று அதற்கே முன்கூட்டித் தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இப்படித் தட்டியதில் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ஈஈப்ராம் சிப் கெட்டுப்போய் மெஷினே எழும்பாமல் போயிருக்கிறது. இன்றைக்கு அந்த அளவுக்குப் பயம் தேவையில்லை, ஆனால் நோ என்று அதுவே சொல்லும் இடத்தில் நாம் எஸ் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு கடைசிக் கேள்வி. டெபியனிலும் உபுண்டுவிலும், கண்டுபிடித்த டிரைவர்களின் பெயரை, பூட் ஆகும்போது எவற்றை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் மாட்யூல்ஸ் கோப்பில் சேர்க்கட்டுமா என்று அது கேட்கும், அதற்குத் தானியங்கிப் பதில் நோ. என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே வந்தவர் அதையும் தட்டிவிடுவார். அப்புறம், நேற்று மாட்யூலை, அதாவது டிரைவரை, கையால் ஏற்றியபோது ஃபேன் வேகம் தெரிந்தது, இன்று ரீபூட் செய்ததும் காணோமே என்று தேடுவார். இன்டெலுக்கான கோர்டெம்ப், ஏஎம்டிக்கான கே10டெம்ப் இரண்டும் ப்ராசசரை அடையாளம் கண்டு தாமாகவே ஏறிவிடும். சூப்பர் ஐஓ சிப் அப்படித் தன்னை அறிவித்துக்கொள்ளாது. நுவோட்டானுக்கு என்சிடி6775, ஐடிஈக்கு ஐடி87 என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

சரி, ப்ராசசரின் உண்மையான எண்ணைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏஎம்டியில் டிகண்ட்ரோல் என்ற வரி, பெயரே சொல்வது போல, ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கான எண். ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் மாதிரியான முதல் தலைமுறை ப்ராசசர்களில் அது உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும், 2700எக்ஸில் 10 டிகிரி. 2017-இல் இது தெரியாமல் கூலரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். புதியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ரைசன் 7000 வரிசையில் சிக்கல் வேறு மாதிரி: 7950எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 டிகிரிவரை ஏறி, அங்கேயே நின்று, அதற்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. 95-ஐப் பார்த்து கூலர் பழுது என்று சொல்ல முடியாது.

இன்டெலில் கோருக்குள், அதாவது ப்ராசசரின் ஒவ்வொரு கணக்கிடும் பகுதிக்குள், இருக்கும் சென்சார், வெப்பத்தை நேராகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. வரம்பு 100, பாக்கி 62 என்றால் டிரைவர் கழித்து 38 என்று காட்டும். உச்சத்துக்குப் பக்கத்தில் இது நம்பகமானது, கீழே போகப்போகத் துல்லியம் குறையும். அதனால் சும்மா இருக்கும்போது ஒரு கோர் 31, இன்னொன்று 37 என்று காட்டினால் அதை வைத்துக் கூலர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். முழு வேலை கொடுத்து, ப்ராசசர் முழுவதற்குமான பேக்கேஜ் என்ற வரியைப் பாருங்கள். 12-ஆம் தலைமுறையில் கோர் 0, கோர் 4, கோர் 8 என்று எண்கள் தாண்டித் தாண்டி வந்தாலும் நடுவில் எதுவும் செத்துப்போகவில்லை, எண்ணிடும் முறை அப்படி.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் விழும் குழி, சென்சார் எண்களை லினக்ஸ் கோப்புகளாக வைக்கும் ஹெச்டபிள்யூமான் அடைவு. அதில் ஹெச்டபிள்யூமான்0, 1, 2 என்று இருப்பவை டிரைவர்கள் ஏறிய வரிசையில் வரும் எண்கள், அடுத்த பூட்டில் இடம் மாறலாம். நேற்று ப்ராசசராக இருந்தது இன்று எஸ்எஸ்டியாக இருக்கும். வெப்பத்துக்கேற்ப ஃபேனை ஓட்டும் ஃபேன்கண்ட்ரோல் நிரல் இந்த மாற்றத்தைக் கவனித்து ஓட மறுத்துவிடும், நம் ஸ்கிரிப்ட் அப்படி எதுவும் செய்யாமல் தப்பான எண்ணைப் பார்த்தே ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் நேம் என்ற கோப்பு இருக்கிறது, அதைப் படித்துத் தேடுங்கள். இன்னொன்று, உள்ளே வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி. 45000 என்றால் 45.

சாட்டா டிஸ்க்கின் வெப்பத்துக்கு இன்னும் ஹெச்டிடிடெம்ப் என்ற பழைய நிரலைத் தேடாதீர்கள், அதன் காலம் முடிந்துவிட்டது. லினக்ஸின் மையமான கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்தே டிரைவ்டெம்ப் மாட்யூல் இருக்கிறது, ஏற்றினால் போதும், சென்சார்ஸ் பட்டியலிலேயே வந்துவிடும். என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டு அந்தப் பட்டியலில் வராது, என்விடியா-எஸ்எம்ஐ என்ற அதன் கட்டளையைக் கேட்க வேண்டும். வர்ச்சுவல் மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு சென்சார் தேடுவதில் பொதுவாகப் பயனில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஒரே சிப்பை எல்லாம் சேர்ந்து கேட்கும்போது ஒன்றின் கேள்விக்கு வந்த பதிலை மற்றது எடுத்துக்கொண்டு, திடீரென்று விசித்திரமான எண்கள் குதிக்கும்.

வோல்டேஜ் வரிகளில் அலார்ம் என்று வருவதையும் உடனே நம்ப வேண்டாம். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் 0 என்று இருந்தால் எந்த வோல்டேஜும் மீறல்தான்.

என் 127-க்கு வருகிறேன். சென்சார்ஸ் கட்டளைக்கான அமைப்புகள் இருக்கும் சென்சார்ஸ்.டி அடைவில் ஒரு சின்னக் கோப்பு போட்டு, அந்த வரியை இக்னோர் செய்தேன். உண்மையில் இருக்கும் தெர்மிஸ்டருக்கு லேபிள் கட்டளையால் மதர்போர்டு என்று பெயர் வைத்தேன். இப்போது பட்டியலில் நான்கே வரிகள், நான்கும் வேலை கொடுத்தால் அசைகின்றன. அந்தக் கோப்பை நண்பர் கேட்டார், கொடுக்கவில்லை. என் போர்டில் வெற்றுப் பின்னாக இருக்கும் டெம்ப்3, அவருடைய போர்டில் நிஜமான சென்சாராக இருக்கலாம்.