மனநோய்க்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெறுவது எப்படி? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கான வழிமுறை

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு போன்ற நோய்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதப் பாதிப்பாவது சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் சிகிச்சைக் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தவர் பலர் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுகிறார்கள். அங்கே தந்த சீட்டுகளும் சான்றுகளே என்பதால் அவற்றை விட்டுவிடக் கூடாது.

அடுத்ததுதான் முக்கியமான படி. நோயின் பெயரை மட்டும் வைத்துச் சதவீதம் முடிவாவதில்லை. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலின்படி தன்னைப் பராமரித்துக்கொள்ளல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, நோய் நீடித்த காலத்துக்கான மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். மொத்தம் 20, அதில் 7 வந்தால் 40 சதவீத வரம்பை எட்டியதாகும். ஆகவே, குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், உறவினர் வந்தால் அறைக்குள் போய்விடுகிறாரா என்பவற்றை உடனிருந்து கவனிப்பவர் முன்கூட்டியே எழுதிவைத்து, மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பரிசோதனை நாளில் நோயாளி தெளிவாகப் பேசிவிடக்கூடும். அந்தச் சில நிமிடங்களில் வீட்டு நிலை தெரியாது. பாதிப்பு கூடுதலாகத் தெரியட்டும் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான மத்திய அரசின் 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதிப்பீட்டுக்கு எங்கே, எந்த நாளில் வர வேண்டும் என்பதை உறுதிசெய்துகொண்டு, கவனிப்பவரோடு செல்லுங்கள்.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கைக்கு வந்தபின், ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையம் வழியாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வராது. அதைப் பரிசீலிப்பது வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. தற்காலிகச் சான்றிதழ் தந்திருந்தால், காலாவதித் தேதிக்கு முன்பே மறுமதிப்பீடு கேளுங்கள். சதவீதம் குறைவாகப் பதிவாகியிருந்தால், அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அப்படிச் செய்யும்போது, வீட்டு நிலையைப் பற்றிக் கவனிப்பவர் எழுதிவைத்த குறிப்பின் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.