காய்ச்சல் விட்டபின் கால் ஓய்ந்தால்

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ நின்று ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் இரண்டு பாதமும் மதமதத்து, படியேறத் தொடை ஒத்துழைக்கவில்லையா? காய்ச்சல் அசதி என்று ராகிக்கூழ் ஊற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். கில்லன் பாரே நோயாக இருக்கலாம், மருத்துவமனையில் ஜி.பி.எஸ். என்பார்கள். டெங்கு, சிக்குன்குன்யா, ஃப்ளூ, சிலவகை வயிற்றுப்போக்குக்குப் பிறகு இது வரும். கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப்பொருள் ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குகிறது. கிருமி போனபின் வருவதால் ஆன்டிபயாட்டிக் இதைக் குணமாக்காது.

சம்மணமிட்டவரைக் கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். செருப்பு தானாகக் கழல்கிறதா என்று பாருங்கள். பலவீனம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து, நாளுக்கு நாள் மேலேறும். திடீரென ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கும் உடனே ஓட வேண்டும். தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியற்காலையில் இமை செருகினால் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். பல் தடம் தெரியாமலே கடித்திருக்கும். அந்த விஷத்தால் வரும் பலவீனம் மேலிருந்து கீழே இறங்கும்.

காலைப் பார்த்துப் பதறுகிறோம், உயிருக்கு உலை வைப்பதோ மூச்சு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் குறித்துவையுங்கள். நேற்று 35, இன்று 22 என்று இறங்குவதே எச்சரிக்கை. 20 தாண்டாவிட்டால் நேரமில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. மூச்சுத்தசை ஓய்ந்து கடைசியில்தான் அந்த எண் சரியும். களி தொண்டையில் நின்றாலோ, குடித்த தண்ணீர் மூக்கில் வந்தாலோ வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பக்கத்து ஊர்களில் விடியட்டும் என்று தள்ளிப்போடுவது ஆபத்து. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஓசூர்க்காரர்களுக்கு, மூளை நரம்பு நோய்களுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை எட்டும் தூரம்தான். கிளம்பும் முன், வென்டிலேட்டர் படுக்கை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மருந்து இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்ததானத்திலிருந்து பிரித்து நரம்புவழி ஏற்றும் எதிர்ப்புப்பொருள்: எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 24, மொத்தம் 120 கிராம். இல்லையேல் பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுவது. பலன் இரண்டுக்கும் ஒன்றே. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை பயன்படாது. முதல் வாரம் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை சரியாக வந்தாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. இந்த நோயில் அந்த நீரில் புரதம் பிறகுதான் ஏறும்.

பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கென்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் கேட்பார்கள். போலியோ இல்லை என்று உறுதிசெய்யத்தான், மறுக்காமல் கொடுங்கள்.

பலவீனம் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் உச்சம் தொட்டு நிற்கும், பிறகு மெல்லத் திரும்பும். ஆறு மாதத்தில் பெரும்பாலோர் தானாக நடப்பார்கள். அதுவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள். பாதம் தொங்கிவிடாமல் அட்டையோ தலையணையோ முட்டுக்கொடுங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம்: மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியும்.