பாறையோடு வந்த பெயர் தெரியாத மீன்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் கடல் மீன் வளர்க்க உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ கேனில் தண்ணீர் பிடித்து வரலாம், சிப்பிக் கொத்து எடுத்து வரலாம். கடையிலிருந்து லைவ் ராக், அதாவது சின்ன உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறைத் துண்டு, வாங்கிப் போடுபவர்களும் உண்டு. இதில் எதனோடும் நாம் வாங்காத மீன் ஒன்று உள்ளே வந்துவிடும். சில வாரம் கழித்து, விளக்கை அணைத்த பிறகு, நகம் அளவு மீன் ஒன்று பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். அது என்ன மீன் என்று தெரிந்தால்தான் வைத்துக்கொள்வதா, பிரிப்பதா என்று முடிவு செய்ய முடியும். அங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பெரும்பாலான குழப்பம் நிறத்தை நம்புவதில் தொடங்குகிறது. எம்பரர் ஏஞ்சல் குஞ்சுக்குக் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் இருக்கும். வளர்ந்த மீனுக்கு மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று சொல்லவே தோன்றாது. டாமினோ டாம்சல் குஞ்சில் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் புள்ளிகள் வளர வளர மங்கிப்போகும். பல மீன்கள் ராத்திரியில் வெளிறிவிடும், பயந்தாலும் வெளிறும். போதாக்குறைக்குத் தொட்டியின் நீல விளக்கு எல்லா நிறத்தையும் மாற்றிக் காட்டும். அதனால் படம் எடுக்கும்போது வெள்ளை விளக்கைப் போடுங்கள். மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்திருக்கும்போது எடுங்கள். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது துடுப்பும் வாயும். பாறையோடு வரும் சின்ன மீன்களில் கோபியையும் பிளென்னியையும்தான் அதிகம் மாற்றிச் சொல்கிறார்கள். நம் கழிமுகத்தில் உளுவை என்கிறோமே, அது கோபி குடும்பம். முதுகுத் துடுப்பைப் பாருங்கள்: கோபிக்குப் பொதுவாக இரண்டு துண்டாக இருக்கும், பிளென்னிக்குத் தலையிலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடும். மீன் கண்ணாடியில் ஒட்டி உட்காரும் நேரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கோபிகளுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, கவிழ்த்த சின்னக் கிண்ணம் மாதிரி கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருப்பது வெளியிலிருந்தே தெரியும். பிளென்னிக்கு அது கிடையாது. பல பிளென்னிகளுக்குக் கண்ணுக்கு மேலே மயிர் போன்ற சின்ன நீட்சிகள் இருக்கும்.

வாய் இன்னும் முக்கியம். மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் கிளீனர் ராஸ் மாதிரியே நிறமும் கோடும் கொண்ட ஒரு பிளென்னி உண்டு. அதைச் சுத்தம் செய்யும் மீன் என்று நினைத்து விட்டுவைத்தால், மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்து எடுக்கும். நிஜ ராஸுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். போலிக்கு மூக்கு முன்னால் நீண்டு, வாய் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். கோட்டை எத்தனை தரம் பார்த்தாலும் இது பிடிபடாது, வாயைப் பார்த்தால் உடனே தெரியும்.

அடுத்தது, வந்த வழியைக் கேட்காமல் செயலியில் படத்தைப் போட்டுப் பெயர் தேடுவது. அது இந்தோனேசியப் பவளப்பாறை மீன் பெயர் ஒன்றைக் காட்டும். உங்கள் தொட்டியில் இருப்பதோ பழையாறு பக்கம் எடுத்த தண்ணீரில் வந்த குஞ்சாக இருக்கலாம். கொள்ளிடம் முகத்துவாரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு போன்ற இடங்களில் மடவை, கீச்சான், கொடுவா எல்லாம் குஞ்சாகத் திரியும். தலையிலிருந்து பிடரி வரை வெள்ளைக் கோடு ஓடும் பழுப்புக் குஞ்சைப் பார்த்து அழகு மீன் என்று ஆசைப்பட்டால், அது கொடுவாவாக இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வாயில் அடங்கும் மீனையெல்லாம் விழுங்கும். கீச்சானுக்கு உடம்பு நெடுக வளைந்த கறுப்புக் கோடுகள் இருக்கும். மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு.

கடற்கரையில் எடுத்த பொருளோடு வந்தது என்றால், படத்தை மீன் மார்க்கெட்டில் காட்டுங்கள். "அக்கா, இது என்ன குஞ்சு?" என்று கேட்டால், "கீச்சான்தான் தம்பி, வாலைப் பாரு, வரி வரியா இருக்கு" என்று சட்டென்று பதில் வரும். ஊர்ப்பெயர் ஒன்றே இரண்டு மூன்று இனங்களுக்கு வழங்கும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியில் வைக்கலாமா என்று முடிவெடுக்க அதுவே பெரும்பாலும் போதும்.

பெயர் தெரியும்வரை கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓட, கூட்டமாக உருண்டு திரியும் கடல் கெளுத்திக் குஞ்சுகளுக்கு முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு. கல்லோடு கல்லாகக் கிடக்கும் தேள்மீனும் அப்படித்தான். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் கையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, தொட்டியில் மீன் காணாமல் போனதுமே பழியைப் புது மீன் மேல் போடுவது. பாறையோடு வந்த வேறு உயிரும் காரணமாக இருக்கலாம். ராத்திரியில் டக் டக் என்று சத்தம் கேட்டால் அது பிஸ்டல் இறாலோ மாண்டிஸ் இறாலோ. பொந்திலிருந்து நீளும் உடம்பு பாம்பு மாதிரி இருக்கும் அஞ்சாளை மீனின் குஞ்சா, புழுவா என்று சந்தேகம் வந்தால் வளைய வளையமாகக் கணுக்கள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது புழு.

கடல் குதிரையோ குழல் மீனோ என்று தெரிந்தால் விஷயமே வேறு. 2001-இல் அந்தக் குடும்பம் முழுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், கல் பவளங்களையும் சேர்த்து. வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் சரி. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளக்கல் என்று யாராவது விற்க வந்தால் வாங்கவே கூடாது.

வேண்டாத மீன் என்று முடிவானால் ஆற்றிலோ கடலிலோ விடாதீர்கள். நம் பக்கத்துக் கடல்களின் சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் முதலில் தென்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டவைதான் காரணம் என்று கருதப்படுகிறது. இப்போது கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று குறைக்கிறது. நம் கடலிலேயே பிடித்ததாக இருந்தாலும், மற்ற மீன்களோடு இருந்தபோது ஒட்டிய வெள்ளைப்புள்ளி நோய் அதனோடு கடலுக்குப் போகும்.

பிடிப்பதற்குப் பாறையைக் கலைக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகுங்கள். ஒரு துண்டு இறாலைப் போட்டு, சாயங்காலம் அதன் பொந்துக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். காலையில் உள்ளே இருந்தால் தனித் தொட்டிக்கு மாற்றி, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடைக்காரரிடமோ பெயரையும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.